மன்றோ கோட்டைக்குப் படகில் வந்த மூன்று பேர்: அமெரிக்க உள்நாட்டுப் போரில் யாருக்கு என்ன நோக்கம்?

1861 மே 23, வியாழக்கிழமை. அன்று பகலில் வர்ஜீனியா மாநில வாக்காளர்கள் அமெரிக்க ஒன்றியத்தை விட்டுப் பிரிந்து போக ஒப்புதல் கொடுத்து வாக்களித்தார்கள். அன்று இரவே அந்த மாநிலத்து அடிமைகள் மூன்று பேர் ஒரு சிறு படகில் ஏறி, ஹாம்ப்டன் ரோட்ஸ் நீர்ப்பரப்பைக் கடந்து, ஒன்றியப் படையின் கையில் இருந்த மன்றோ கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். பெயர்கள் ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்டு மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட். அவர்களுக்கு ஓட்டு கிடையாது. பிரிவினை பற்றி யாரும் அவர்களிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை. ஆனாலும் அன்று அவர்களும் ஒரு முடிவு எடுத்தார்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் அடிமைமுறைக்காக நடந்ததா, இல்லையா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. "லிங்கனே அடிமைகளை விடுவிக்கப் போரிடவில்லை என்று எழுதியிருக்கிறாரே" என்று ஒருவர் சொல்வார். "அடிமைமுறை இல்லாவிட்டால் போரே வந்திருக்காது" என்று இன்னொருவர் சொல்வார். இருவர் கையிலும் ஆதாரம் இருக்கும். குழப்பம் எங்கே என்றால், போர் ஏன் வந்தது என்பது ஒரு கேள்வி. போரிட்ட ஒவ்வொருவரும் எதற்காகப் போரிட்டார்கள் என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே கேள்வியாக்கிப் பேசுவதால்தான் விவாதம் முடிவதே இல்லை. அதைப் பிரித்துக் காட்ட இந்த மூன்று பேரின் கதையைவிடப் பொருத்தமான நிகழ்வு எனக்குத் தெரிந்து வேறில்லை.

கோட்டை வாசலில்

மூவரும் கர்னல் சார்லஸ் மல்லோரி என்ற வர்ஜீனியாப் படை அதிகாரியின் பிடியில் இருந்தவர்கள். கோட்டைக்கு எதிர்க்கரையில், சூவல்ஸ் பாயின்ட் என்ற இடத்தில், தெற்குப் படைக்குப் பீரங்கி மேடை கட்டும் வேலையில் அவர்களைப் போட்டிருந்தார்கள். அடுத்து கரோலினா பக்கம் கொண்டுபோய் அங்கேயும் இதே வேலை வாங்கப் போகிறார்கள் என்று தெரிந்தது. போனால் குடும்பத்தை மறுபடி பார்ப்போம் என்பதற்கு உறுதி இல்லை. அதனால் கிளம்பிவிட்டார்கள்.

கோட்டையின் பொறுப்பில் இருந்தவர் மேஜர் ஜெனரல் பெஞ்சமின் பட்லர். வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. மாசசூசெட்ஸ் மாநில வழக்கறிஞர், படைத்தொழில் படித்தவரல்ல. மறுநாள் மேஜர் ஜான் கேரி என்பவர் வெள்ளைக் கொடியோடு வந்தார். கர்னல் மல்லோரியின் ஆட்களைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார். 1850-ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டம் அப்போதும் நடைமுறையில் இருந்தது. அதன்படி தப்பி வந்தவரை உரிமையாளரிடம் ஒப்படைத்தே ஆக வேண்டும்.

பட்லர் வழக்கறிஞர் மூளையோடு பதில் சொன்னார். நீங்கள் வேறு நாடு என்று சொல்லிப் பிரிந்துவிட்டீர்கள். வேறு நாட்டுக்கு எங்கள் சட்டத்தின் பலன் எப்படிக் கிடைக்கும்? மல்லோரி இங்கே வந்து அமெரிக்க அரசுக்கு விசுவாச உறுதிமொழி எடுத்தால் ஆட்களைக் கூட்டிப் போகலாம். அதுவரை இவர்கள் போர்க்காலச் சரக்கு. எதிரி எனக்கெதிராகப் பயன்படுத்தும் எதையும் பறிமுதல் செய்ய எனக்கு உரிமை உண்டு.

போர்ச் சரக்கைக் குறிக்கும் 'காண்ட்ராபேண்ட்' என்ற சொல் அப்படித்தான் நாடு முழுக்கப் பரவியது. வெடிமருந்துக்கும் துப்பாக்கிக்கும் உள்ள சட்டப்பெயர் மனிதர்கள் மேல் ஒட்டியது. படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. மனிதன் சொத்து என்ற தெற்கத்தியரின் வாதத்தை மறுக்காமலே, அந்த வாதத்தைக் கொண்டே அவர்களிடமிருந்து மூன்று மனிதர்களைப் பறித்துவிட்டார் பட்லர்.

பட்லரின் நோக்கம்

பட்லர் அடிமை ஒழிப்பாளர் இல்லை. 1860-இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் குடியரசுத் தலைவர் வேட்பாளராக ஜெபர்சன் டேவிஸ் பெயருக்கு 57 முறை வாக்களித்தவர் அவர். அதே டேவிஸ்தான் அடுத்த ஆண்டு, பிரிந்த மாநிலங்கள் சேர்ந்து அமைத்த தெற்குக் கூட்டமைப்பின் தலைவரானார். மன்றோ கோட்டைக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பு மேரிலாந்தில் இருந்தபோது, அடிமைகள் கிளர்ச்சி செய்தால் அடக்க என் படையைத் தருகிறேன் என்று அந்த மாநில ஆளுநருக்குச் சொல்லி அனுப்பியவரும் இவரே.

அப்படிப்பட்டவர் மே 24-இல் ஏன் மாறினார்? எதிர்க்கரையில் தன் கோட்டையைக் குறிவைத்து எழும் பீரங்கி மேடையைக் கட்டுவது யார் என்று அவருக்குத் தெரிந்தது. மூன்று பேரைத் திருப்பி அனுப்பினால் மூன்று பேரின் உழைப்பு மறுபடி அந்த மேடைக்குப் போகும். அவ்வளவுதான் கணக்கு.

ஆனால் செய்தி பரவியது. அடுத்த சில நாட்களில் டஜன் கணக்கில் ஆட்கள் வந்தார்கள், பெண்களும் குழந்தைகளுமாக. மே 27-இல் தலைமைத் தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட்டுக்கு பட்லர் எழுதிய கடிதத்தில் தொனி மாறியிருப்பதைப் பார்க்கலாம். தாய் தகப்பனின் உழைப்பை ஏற்றுக்கொண்டு பிள்ளைகளை மட்டும் வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்று கேட்கிறார். மனிதாபிமானம் பற்றித் தனக்குச் சந்தேகமில்லை, அரசியலைத் தீர்மானிக்கும் உரிமை தனக்கில்லை என்கிறார். ஜூலை முடிவில் கோட்டையைச் சுற்றி 900 பேர். அதில் கிட்டத்தட்ட 400 பேர் 18 வயதுக்கு உட்பட்டவர்கள். பீரங்கி மேடை கட்டாத ஐந்து வயதுக் குழந்தையைப் போர்ச் சரக்கு என்று எப்படிச் சொல்வது? ஜூலை 30-இல் போர்த்துறை அமைச்சர் சைமன் கேமரனிடம் பட்லர் நேரடியாகவே கேட்டார்: இவர்கள் அடிமைகளா, சுதந்திர மனிதர்களா?

அந்தக் கேள்விக்கு வாஷிங்டனில் அப்போது பதில் இல்லை.

தெற்கு ஏன் பிரிந்தது

இந்த இடத்தில் தயங்காமல் பேசலாம், ஏனென்றால் பிரிந்தவர்களே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 1861 ஜனவரியில் மிசிசிப்பி வெளியிட்ட அறிக்கை, தங்கள் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுமையாகப் பிணைந்தது என்று தொடக்கத்திலேயே சொல்கிறது. அதை உலகின் மிகப் பெரிய பொருளாதார நலன் என்கிறது. மார்ச் 21-இல் சவானா நகரில் பேசிய கூட்டமைப்பின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், கறுப்பர் வெள்ளையருக்குச் சமமில்லை, அடிமைநிலையே அவருக்கு இயல்பானது என்பதுதான் புதிய அரசின் மூலைக்கல் என்றார்.

1860 கணக்கெடுப்பின்படி அடிமைகள் ஏறத்தாழ 39.5 லட்சம் பேர். அவர்களுக்குச் சந்தை போட்டிருந்த விலையைக் கூட்டினால் 300 கோடி டாலர் தாண்டும் என்று பொருளியல் வரலாற்றாளர்கள் மதிப்பிடுகிறார்கள். நாட்டின் ரயில்வேக்களிலும் ஆலைகளிலும் போட்டிருந்த மொத்த முதலைவிட அது பெரிது. அந்த ஆண்டு நவம்பரில் வென்ற லிங்கன், இருக்கும் அடிமைமுறையைத் தொடமாட்டேன், மேற்கே புதிய நிலப்பகுதிகளுக்குப் பரவ விடமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தார். பரவாவிட்டால் நாளடைவில் செத்துவிடும் என்று தோட்ட முதலாளிகள் கணித்தார்கள். டிசம்பர் 20-இல் சவுத் கரோலினா பிரிந்தது.

மாநில உரிமைக்காகப் பிரிந்தார்கள் என்ற வாதத்தை நானும் ஒரு காலத்தில் பாதி நம்பியிருந்தேன். சவுத் கரோலினாவின் பிரிவினை அறிக்கையைப் படித்தபோதுதான் தெளிவு வந்தது. வட மாநிலங்கள் தங்கள் எல்லைக்குள் தப்பி வந்த அடிமைகளைப் பிடித்துத் தராமல் சொந்தச் சட்டம் போட்டுக்கொண்டன என்பதுதான் அதில் உள்ள பெரிய புகார். அதாவது வட மாநிலங்கள் தங்கள் மாநில உரிமையைப் பயன்படுத்தியதே குற்றமாகச் சொல்லப்படுகிறது. கூட்டமைப்பின் அரசியல் சாசனம் இன்னும் வெளிப்படை: அடிமைச் சொத்துரிமையைக் குறைக்கும் எந்தச் சட்டமும் இயற்றக் கூடாது என்று அதிலேயே எழுதிவிட்டார்கள்.

வடக்கு எதற்காகப் போரிட்டது

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. 1861 ஏப்ரல் 12-இல் சவுத் கரோலினாவில் ஒன்றியப் படையின் கையில் இருந்த சம்டர் கோட்டை மேல் தெற்குப் படையின் குண்டு விழுந்ததும் லிங்கன் 75,000 பேரைப் படைக்கு அழைத்தார். வந்தவர்களில் பெரும்பாலோர் நாடு உடையக் கூடாது என்று வந்தவர்கள். கொடி மேல் சுட்டுவிட்டார்கள் என்ற ஆத்திரத்தில் வந்தவர்கள் உண்டு. மாதம் சில டாலர் சம்பளத்துக்காக வந்தவர்களும் உண்டு. 1848 புரட்சியில் தோற்று ஜெர்மனியிலிருந்து ஓடி வந்து, இங்கேயும் பிரபுக்களின் ஆட்சி வரக் கூடாது என்று சேர்ந்தவர்கள் உண்டு. அடிமை ஒழிப்பே நோக்கமாக வந்தவர்கள் சிறுபான்மைதான்.

ஜூலை மாதம் புல் ரன் போரில் ஒன்றியப் படை தோற்றுத் திரும்பிய அதே வாரத்தில், இந்தப் போர் மாநிலங்களின் அமைப்புகளில் தலையிடுவதற்காக நடக்கவில்லை என்று நாடாளுமன்றமான காங்கிரஸ் தீர்மானம் போட்டது. 'அமைப்புகள்' என்றால் அடிமைமுறை என்று எல்லோருக்கும் புரிந்தது. ஏன் அப்படி? டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசூரி ஆகிய நான்கும் அடிமை மாநிலங்கள். ஆனால் ஒன்றியத்தில் இருந்தன. அவற்றை இழக்க லிங்கன் தயாராக இல்லை. ஆகஸ்டு 30-இல் மிசூரியில் தளபதி ஃபிரிமாண்ட் எதிரிகளின் அடிமைகளுக்கு விடுதலை அறிவித்தபோது, லிங்கன் அதை ரத்து செய்தார். கென்டக்கியை இழப்பது மொத்த ஆட்டத்தையும் இழப்பதற்குச் சமம் என்று ஒரு நண்பருக்கு எழுதினார்.

அந்த முடிவை எளிதில் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. நான்கு மாநிலங்களும் போயிருந்தால் ஒன்றியம் தோற்றிருக்க வாய்ப்புண்டு, தோற்றிருந்தால் 39.5 லட்சம் பேருக்கும் விடிவு எப்போது என்று சொல்ல முடியாது. அதே நேரத்தில் கென்டக்கியில் மட்டும் இரண்டேகால் லட்சம் அடிமைகள் இருந்தார்கள் என்பதையும் மறக்க முடியவில்லை. கென்டக்கியைத் தக்கவைக்கும் விலையை அவர்கள்தான் கொடுத்தார்கள்.

கோட்டை வாசலில் இருந்து காங்கிரஸுக்கு

இதற்கிடையே மன்றோ கோட்டைக்கு வந்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பக்கத்து ஹாம்ப்டன் ஊரில் ஒன்றியப் படை அவர்களைக் குடியமர்த்தப் போகிறது என்று கேள்விப்பட்ட தெற்குப் படை, 1861 ஆகஸ்டு 7 இரவு தன் சொந்த ஊருக்கே தீ வைத்துவிட்டுப் போனது. வந்தவர்கள் எரிந்துபோன புகைபோக்கிகளைச் சுற்றிக் குடிசை போட்டார்கள். மேரி பீக் என்ற சுதந்திரக் கறுப்பினப் பெண் ஓர் ஓக் மரத்தடியில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். வர்ஜீனியாவில் கறுப்பர்களைக் கூட்டி வைத்துப் படிப்புச் சொல்லித் தருவதைச் சட்டம் தடுத்திருந்தது. முகாம் வாழ்க்கை சுகமானதில்லை. நோய் இருந்தது. வேலை வாங்கிய படை கூலியில் பெரும் பகுதியைப் பிடித்துக்கொண்டது. இருந்தும் யாரும் திரும்பிப் போவதற்காக வரவில்லை.

அவர்கள் வந்த பிறகுதான் சட்டங்கள் வந்தன. 1861 ஆகஸ்டு 6-இல் முதல் பறிமுதல் சட்டம்: தெற்குப் படைக்கு வேலை செய்ய வைக்கப்பட்ட அடிமைகள் மேல் உரிமையாளருக்கு உரிமை போய்விடும். அவர்கள் சுதந்திரமானவர்கள் என்று மட்டும் அது சொல்லவில்லை. 1862 மார்ச்சில், தப்பி வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று படை அதிகாரிகளுக்குத் தடை. ஏப்ரலில் தலைநகர் வாஷிங்டனில் அடிமைமுறை ஒழிப்பு. உரிமையாளருக்கு இழப்பீடு கொடுத்துத்தான். ஜூலையில் இரண்டாவது பறிமுதல் சட்டம். ஒவ்வொரு படியிலும் சொல்லப்பட்ட காரணம் படைத் தேவை. ஆனால் அந்தத் தேவையை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் அடிமைகள்தான். அவர்கள் தோட்டத்திலேயே இருந்திருந்தால் பட்லருக்கு முடிவெடுக்க ஒன்றுமே இருந்திருக்காது.

1862 ஆகஸ்டு 22-இல் பத்திரிகையாளர் ஹோரஸ் கிரீலிக்கு லிங்கன் எழுதிய கடிதத்தைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஓர் அடிமையைக்கூட விடுவிக்காமல் ஒன்றியத்தைக் காப்பாற்ற முடிந்தால் அப்படியே செய்வேன்; எல்லோரையும் விடுவித்துக் காப்பாற்ற முடிந்தால் அப்படியும் செய்வேன் என்றார். மேற்கோள் சரிதான். ஆனால் அந்தக் கடிதம் எழுதும்போதே, பிரிந்த மாநிலங்களின் அடிமைகளை விடுவிப்பதாக அறிவிக்கும் விடுதலைப் பிரகடனத்தின் வரைவு அவர் கையில் இருந்தது. ஒரு மாதம் முன்பு, ஜூலை 22-இல், அமைச்சரவையில் வாசித்துக் காட்டி, களத்தில் ஒரு வெற்றி வரட்டும் என்று எடுத்து வைத்திருந்தார். விடுதலையைக் காதில் போட்டுக்கொள்ளாத வெள்ளை வாக்காளர்களிடம், ஒன்றியத்துக்காக என்று சொன்னால் எடுபடும் என்பது அவருக்குத் தெரியும். கடிதத்தின் கடைசி வரியில், எல்லா இடத்திலும் எல்லா மனிதரும் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்பது தன் சொந்த விருப்பம் என்றும் எழுதியிருக்கிறார். மேற்கோள் காட்டுபவர்கள் அந்த வரியை விட்டுவிடுகிறார்கள்.

அவர் காத்திருந்த வெற்றி செப்டம்பர் 17-இல் ஆன்டீட்டம் போரில் வந்தது. ஐந்து நாளில் முன்னறிவிப்பு. 1863 ஜனவரி 1-இல் பிரகடனம். அது ஒன்றியத்தில் இருந்த அடிமை மாநிலங்களைத் தொடவில்லை. வர்ஜீனியாவிலும் சில வட்டங்களுக்கு விலக்கு இருந்தது. அந்தப் பட்டியலில் எலிசபெத் சிட்டி வட்டமும் உண்டு. மன்றோ கோட்டை அப்போது இருந்தது அங்கேதான். எல்லாம் தொடங்கிய இடத்தையே பிரகடனம் தாண்டிப் போய்விட்டது.

ஒரே படையில் எத்தனை மனம்

பிரகடனத்துக்குப் பிறகு ஒன்றியப் படைக்குள் கசப்பு வெளிப்படையாக வந்தது. கறுப்பர்களுக்காகச் சாக நாங்கள் வரவில்லை என்று வீட்டுக்கு எழுதிய சிப்பாய்கள் ஏராளம். 1863 ஜூலையில் நியூயார்க்கில் கட்டாய ஆள்சேர்ப்புக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. 300 டாலர் கட்டினால் படைக்குப் போகாமல் தப்பலாம் என்ற விதி ஏழைகளைக் கொதிக்க வைத்தது. ஆனால் அந்தக் கோபம் போய் விழுந்தது கறுப்பர்கள் மேல். அடித்துத் தூக்கிலிட்டார்கள். கறுப்பினக் குழந்தைகளின் அநாதை இல்லத்தைக் கொளுத்தினார்கள். 200-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பின்பக்கமாகத் தப்பினார்கள். அடுத்த மாதம் லிங்கன் ஒரு பொதுக் கடிதத்தில் எழுதினார்: கறுப்பர்களை விடுவிக்கப் போரிட மாட்டோம் என்கிறீர்கள், அவர்களில் சிலர் உங்களுக்காகப் போரிடத் தயாராக இருக்கிறார்கள்.

சிலர் என்றது குறைவு. போர் முடிவதற்குள் தரைப்படையில் சுமார் 1,79,000 கறுப்பர்கள் சேர்ந்தார்கள். கடற்படையில் சுமார் 19,000. ஏறத்தாழ 40,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் நோயில். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கு 10; அதிலும் உடைக்கு 3 டாலர் பிடித்தம். மாசசூசெட்ஸ் 54-ஆம் படைப்பிரிவு அந்தக் குறைந்த சம்பளத்தை வாங்கவே மறுத்தது. 1864 ஜூனில்தான் காங்கிரஸ் சம்பளத்தைச் சமமாக்கியது.

தெற்கிலும் ஒரே மனம் இல்லை. கூட்டமைப்பு மாநிலங்களில் சுமார் மூன்றில் ஒரு குடும்பத்திடம்தான் அடிமைகள் இருந்தார்கள். அப்படியானால் மற்றவர்கள் ஏன் போனார்கள்? ஊருக்குள் எதிரி வருகிறான் என்பதற்காக. பக்கத்து வீட்டுக்காரன் போகிறான் என்பதற்காக. 1862 ஏப்ரலுக்குப் பிறகு, கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் இழுத்துப் போனதால். இவற்றோடு, நாம் எவ்வளவு ஏழையானாலும் கறுப்பனுக்கு மேலே என்ற எண்ணமும் இருந்தது. அதை இழக்கும் பயம் அடிமை வைத்திராதவனையும் தோட்ட முதலாளியோடு கட்டிப் போட்டது. சாதிப் படிநிலையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாத விஷயமில்லை. ஆனால் 20 அடிமைகள் உள்ள தோட்டத்துக்கு ஒரு வெள்ளையருக்குப் படைவிலக்கு என்று 1862 அக்டோபரில் சட்டம் வந்ததும், பணக்காரன் போருக்கு ஏழை சாகிறான் என்ற பேச்சு முகாம்களில் எழுந்தது.

கடைசிக் கட்டத்தில் ஆள் பற்றாமல், அடிமைகளையே படையில் சேர்க்கலாமா என்று கூட்டமைப்பு யோசித்தது. 1865 ஜனவரியில் ஜார்ஜியாவைச் சேர்ந்த கூட்டமைப்புத் தளபதி ஹவல் காப், அடிமைகள் நல்ல சிப்பாய்களாவார்கள் என்றால் அடிமைமுறை பற்றிய நம் கோட்பாடு முழுவதும் தவறு என்று எழுதினார். மார்ச்சில் சட்டம் வந்தது. அதிலும் விடுதலை உறுதி இல்லை. தோற்றுப் போகும் நிலையிலும் எதைக் கைவிட மனம் வரவில்லை என்பதைப் பாருங்கள். ஒரு போரின் காரணம் அதில்தான் தெரிகிறது.

பிரிட்டனின் நோக்கம் பற்றி ஒரு வார்த்தை. அதன் ஆலைகளுக்கு வந்த பஞ்சில் முக்கால் பங்குக்கு மேல் தெற்கு மாநிலங்களுடையது. பஞ்சுக்காகவாவது பிரிட்டன் தங்கள் பக்கம் வரும் என்று தெற்கு நம்பியது. பிரிட்டன் எகிப்துக்கும் இந்தியாவுக்கும் திரும்பியது. திருநெல்வேலிச் சீமையின் கரிசல் பஞ்சுக்கு அந்த ஆண்டுகளில் விலை ஏறி, போர் முடிந்ததும் சரிந்தது இதனால்தான்.

கென்டக்கியில்

லிங்கன் அத்தனை கவனமாகத் தக்கவைத்த கென்டக்கியில் பிரகடனம் செல்லாது. அங்கே ஓர் அடிமைக்கு இருந்த ஒரே வாசல் படை. 1864-இல் அந்த வாசல் திறந்ததும் 23,000-க்கும் மேற்பட்ட கென்டக்கிக் கறுப்பர்கள் ஒன்றியப் படையில் சேர்ந்தார்கள். பெரிய ஆள்சேர்ப்பு முகாம் கேம்ப் நெல்சன். சேர்ந்தவருக்கு விடுதலை, அவர் மனைவி மக்களுக்குக் கிடையாது. உரிமையாளரின் பழிவாங்கலுக்குப் பயந்து அவர்களும் முகாமுக்கு வந்து குடிசை போட்டார்கள். மூன்றரை ஆண்டுக்கு முன் பட்லர் கேட்ட அதே கேள்வி இங்கேயும் வந்தது. தகப்பனை ஏற்றுக்கொண்டு பிள்ளையை வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

கேம்ப் நெல்சனின் தளபதி ஸ்பீட் ஃபிரை, முடியும் என்றார். 1864 நவம்பர் கடைசியில், உறைபனிக் குளிரில், சுமார் 400 பெண்களையும் குழந்தைகளையும் வண்டிகளில் ஏற்றி முகாமுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். திரும்பி வந்துவிடக் கூடாதென்று குடிசைகளை இடித்தார்கள், கொளுத்தினார்கள். 102 பேர் இறந்தார்கள். குழந்தையைப் பறிகொடுத்த ஒரு சிப்பாயின் வாக்குமூலம் வடக்குப் பத்திரிகைகளில் வந்தது. எதிர்ப்பு கிளம்பியது, உத்தரவு ரத்தானது. 1865 மார்ச் 3-இல் கறுப்புச் சிப்பாய்களின் மனைவி மக்களுக்கும் விடுதலை தரும் சட்டத்தைக் காங்கிரஸ் நிறைவேற்றியது. அந்தச் சட்டத்தின் பலன் கிடைக்க, அதுவரை சேராதிருந்தவர்களும் படையில் சேர்ந்தார்கள். போர் முடியச் சில வாரங்களே இருந்தன. மனைவியையும் பிள்ளைகளையும் மீட்க வேறு வழி இல்லை.

அடிமைமுறையை ஒழிக்கும் 13-ஆம் சாசனத் திருத்தத்தைக் கென்டக்கி சட்டமன்றம் 1865 பிப்ரவரியில் நிராகரித்தது. போர் முடிந்து எட்டு மாதம் கழித்து, டிசம்பரில் மற்ற மாநிலங்களின் ஒப்புதலோடு அது நிறைவேறும் வரை, ஒன்றியத்தோடு நின்று வென்ற அந்த மாநிலத்தில் அடிமைகள் அடிமைகளாகவே இருந்தார்கள். கென்டக்கி அந்தத் திருத்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தது 1976-இல்.